ஓராண்டுத் தேசியப் பணி: பேரிடர் மறுவாழ்வில் இளைஞர் பங்கு

புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ ஒரு பகுதியைத் தாக்கிய முதல் பத்து நாட்களில் உதவிக்கு வருவோருக்குக் குறைவிருப்பதில்லை. உணவுப் பொட்டலங்களும் உடைகளும் வண்டி வண்டியாக வந்து சேருகின்றன. ஆறாவது மாதத்தில் நிலைமை வேறு. செய்தியாளர்கள் சென்றுவிடுகிறார்கள், தொண்டர்கள் தத்தம் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் திரும்பிவிடுகிறார்கள். இடிந்த வீடு மட்டும் இடிந்தபடியே நிற்கிறது. துயர் துடைப்பு நாட்கணக்கில் முடிவது. மறுவாழ்வு ஆண்டுக்கணக்கில் நீள்வது. நம் திட்டங்களில் முன்னதற்குக் கிடைக்கும் கவனம் பின்னதற்குக் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, இளைஞர்கள் ஓராண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் அமைப்பு ஒன்றை அமெரிக்கா ஏற்படுத்தியது. அது எவ்வாறு இயங்கியது, அதிலிருந்து நாம் எதை ஏற்கலாம், எதை விலக்கவேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தோற்றம்

இதன் வேர் 1930களின் பொருளாதார மந்தத்தில் உள்ளது. வேலையின்றித் திரிந்த இளைஞர்களுக்காக 1933ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் குடிமக்கள் வனப் பாதுகாப்புப் படையைத் தோற்றுவித்தார். 1942 வரை நடந்த இத்திட்டத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் முகாம்களில் தங்கி மரம் நட்டனர், மண்ணரிப்பைத் தடுத்தனர், பூங்காக்களையும் பாதைகளையும் அமைத்தனர். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே குடும்பத்திற்கு அனுப்பப்பட்டது. ஆகவே அது வேலைவாய்ப்புத் திட்டமாகவும் வறுமை நிவாரணமாகவும் ஒருங்கே பயன்பட்டது.

பனிப்போர் ஓய்ந்து இராணுவத் தளங்கள் மூடப்பட்ட காலத்தில் இக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. 1992ஆம் ஆண்டில் பாதுகாப்புத் துறைக்கான சட்டமொன்றின் வாயிலாகத் தேசியக் குடிமக்கள் சமூகப் படைக்கு அனுமதி கிடைத்தது. 1993இல் அமெரிகார்ப்ஸ் என்னும் பெருந்திட்டம் உருவானபோது இப்படை அதன் ஓர் அங்கமாயிற்று. 1994இல் முதல் அணிகள் களமிறங்கின.

அமைப்பும் இயக்கமும்

இப்படையில் சேருவது கட்டாயமன்று. 18 முதல் 24 வரை வயதுடையோர் சேரலாம் என்று தொடக்கத்தில் விதிக்கப்பட்டது. பின்னர் உச்ச வயது 26 ஆயிற்று. பணிக்காலம் பத்து மாதம். நாட்டின் சில வட்டாரங்களில் தலைமை முகாம்கள் இருந்தன. புதியவர்கள் அங்குச் சில வாரங்கள் முதலுதவி, கருவிகளைக் கையாளுதல், பாதுகாப்பு முறைகள் ஆகியவற்றைக் கற்பர். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்து, ஓர் அணித்தலைவரின் கீழ் ஒரே வண்டியில் புறப்படுவர். ஓரிடத்தில் ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பணி. அடுத்து வேறோர் ஊர், வேறொரு பணி. பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ தங்கித் தாமே சமைத்து உண்பர். பத்து மாதத்தில் 1,700 மணி நேரப் பணியை நிறைவு செய்தவர்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. பணிக்காலத்தில் உணவு, உறையுள், பயணச் செலவு ஆகியவற்றோடு சிறு கைச்செலவுப் படியும் வழங்கப்பட்டது.

இதில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விதி ஒன்று உண்டு. அணி தன் விருப்பப்படி எந்த ஊருக்கும் செல்வதில்லை. உள்ளூராட்சியோ தொண்டு நிறுவனமோ தனக்கு என்ன பணி தேவை என்று எழுதி விண்ணப்பிக்கவேண்டும். பணிக்கான திட்டம், பொருள், தொழில்நுட்ப மேற்பார்வை ஆகியவை அந்த அழைப்பாளரின் பொறுப்பு. அணி சென்ற பின்னரும் ஊரில் இருந்து பணியைத் தொடரப்போகிறவர் அவரே. அழைப்பாளர் இல்லாத இடத்தில் தொண்டு, விருந்தாளியின் வருகைபோல் முடிந்துவிடும்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பகுதி நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தபின் வீடுகளில் சுவர்ப் பலகைகள் ஊறிப் பூஞ்சணம் படர்ந்தன. அவற்றைச் சட்டம் மட்டும் எஞ்சும்வரை பெயர்த்தெடுத்து உலர்த்திய பிறகே மராமத்தைத் தொடங்க முடியும். வீட்டுக்காரர்களோ முதியோர், வறியோர், வெளியூரில் அடைக்கலம் புகுந்தோர். இந்த அழுக்குப் பணியை அணிகள் மாதக்கணக்கில் செய்தன. ஒன்றன்பின் ஒன்றாக அணிகள் வந்ததால் பணி அறுபடவில்லை.

பொருளாதாரக் கணக்கு

இத்தகைய படையின் பயனை அதன் உறுப்பினர்கள் தூக்கிய செங்கற்களைக் கொண்டு அளப்பது தவறாகும். பேரிடர்ப் பகுதிக்கு வார இறுதியில் நூற்றுக்கணக்கானோர் உதவ வருகின்றனர். அவர்களை யார் வரவேற்பது? எந்தத் தெருவிற்கு அனுப்புவது? கையுறையும் மண்வெட்டியும் யார் தருவது? பயிற்சி பெற்ற பத்துப்பேர் இவ்வேலையை ஏற்றால் வந்த அனைவருடைய உழைப்பும் பயன்படுகிறது. இல்லையேல் வந்தவர்களே ஊருக்குச் சுமையாகிவிடுகின்றனர்.

2011 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரைச் சூறாவளி தாக்கி 150க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு அமெரிகார்ப்ஸ் தொண்டர்கள், வந்து குவிந்த பொதுமக்களைப் பதிவு செய்து பணிக்கு அனுப்பும் பொறுப்பை மேற்கொண்டனர். இந்தப் பதிவேட்டிற்கு ரொக்க மதிப்பும் உண்டு. பேரிடர்ச் செலவில் பொதுவாக முக்கால் பங்கை அமெரிக்க மத்திய அரசு ஏற்கிறது. எஞ்சிய பங்கு மாநிலத்திற்கும் உள்ளூராட்சிக்கும் உரியது. முறையாகப் பதிவான தொண்டர் உழைப்பு மணிகளை அந்த உள்ளூர்ப் பங்கிற்கு ஈடாகக் காட்ட விதிகளில் இடமுண்டு. ஆக, இலவச உழைப்பு ஏட்டில் ஏறும்போது பொது நிதியாகிறது.

மற்றொரு பாதுகாப்பையும் குறிப்பிடவேண்டும். ஊதியத்திற்கு வேலை செய்யும் ஒருவரை நீக்கி அவ்விடத்தில் தொண்டரை அமர்த்துவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. தொண்டு என்ற பெயரால் தொழிலாளியின் கூலி பறிபோகக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

நிலையாமை

தங்குமிடமும் உணவும் அரசே தருவதால் தலைக்கணக்கில் இது செலவு மிகுந்த திட்டம். இக்காரணம் காட்டி, கத்ரீனாவின் சுவடு மறையுமுன்பே, 2006இல் இப்படையைக் கலைக்க அந்நாட்டு நிர்வாகம் முன்மொழிந்தது. நாடாளுமன்றம் இசையாததால் படை பிழைத்தது. 2012இல் பேரிடர் நிர்வாகத் துறைக்கென்றே தனிப் பிரிவும் ஏற்பட்டது. ஆனால் 2025 ஏப்ரலில், மத்தியச் செலவுக் குறைப்பின்போது, களத்தில் இருந்த உறுப்பினர்கள் பணிக்காலத்தின் நடுவிலேயே வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். முப்பது ஆண்டுகளாக வளர்ந்த ஏற்பாட்டை ஓர் ஆணை சில நாட்களில் நிறுத்திவிட்டது. முற்றிலும் மேலிடத்து நிதியை நம்பி நிற்கும் தொண்டமைப்பு எத்துணைப் பலவீனமானது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டின் பாதை

ஓராண்டுத் தேசியப் பணி என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, கல்லூரியில் சேர விரும்புவோர் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயப் பணி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையதைன், 1960இல் இப்பணி விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கவேண்டும் என்றார். இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் வழக்கமான அளவு.

இத்திட்டம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அது எளியது, செலவு குறைந்தது, கல்லூரியோடு ஒட்டியது என்பதே. ஆயினும் ஏழு நாள் முகாம் ஒரு குளத்தைத் தூர்வார உதவலாம். ஒரு கிராமத்தை மறுபடி எழுப்ப உதவாது. 2006இல் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படை உயிர் காக்கும் பணியில் தேர்ந்தது. 2016இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களும் உள்ளூரில் முதல் உதவிக்கு நிற்பவர்கள். இவற்றுக்குப் பின் வரும் நீண்ட மறுவாழ்வுக் காலத்திற்கென இளைஞர் அமைப்பு நம்மிடம் வலுவாக இல்லை.

எதை ஏற்பது, எதை விலக்குவது

அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவது பொருந்தாது. அங்கு அரிதானது கை உழைப்பு. இங்கு அது அரிதன்று. பயிரையும் மாட்டையும் இழந்த குடும்பத்திற்கு மண் சுமக்கும் கூலியே அன்றைய உணவு. அந்த வேலையை வெளியூர் மாணவர்கள் இலவசமாகச் செய்தால் அது உதவியாகாது.

நம்மிடம் அரிதானது எது? 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தின் கட்ச் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்குப் பிந்திய புனரமைப்பு இதற்கு விடை தருகிறது. அங்குப் பெரும்பாலான குடும்பங்கள் அரசு உதவித்தொகையைக் கொண்டு தாமே வீடு கட்டிக்கொண்டன. தொகை தவணைகளாக வந்தது. நிலநடுக்கம் தாங்கும் முறையில் கட்டுமானம் நடந்திருப்பதைப் பொறியாளர் சான்றளித்த பிறகே அடுத்த தவணை கிடைத்தது. இத்தகைய முறையில் வீடு உயர்வது செங்கல்லால் மட்டுமன்று. பட்டியலில் பெயர் இருக்கவேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், காணாமற்போன ஆவணத்திற்கு மாற்று வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத விதவையும் பட்டா இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும் இங்கேதான் பின்தங்குகின்றனர். வீடு வீடாகச் சென்று விடுபட்ட பெயர்களைக் கண்டறிய, விண்ணப்பம் எழுத, சான்றிதழுக்காக அலையும் முதியவரோடு உடன் செல்ல, ஓராண்டு இருக்கக்கூடிய படித்த இளைஞர்களே தேவை.

இதற்கேற்ற ஓர் அமைப்பில் நான்கு கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, ஊராட்சியோ நகராட்சியோ எழுத்து மூலம் அழைத்தாலன்றி அணி செல்லலாகாது. இரண்டாவது, அணியில் பாதிப்பேராவது அம்மாநில மொழி பேசுவோராக இருத்தல் வேண்டும். மொழி அறியாதவர் விண்ணப்பம் எழுதித்தர இயலாது. எஞ்சிய பாதிப்பேர் பிற மாநிலத்தவராயின் நாட்டை அறியும் பயனும் கிட்டும். மூன்றாவது, படித்தொகை உயிர்வாழப் போதுமானதாக இருத்தல் வேண்டும். ஓராண்டு வருமானத்தைத் துறக்க வசதியுள்ளோர் சிலரே. படி இல்லையேல் தேசியப் பணி செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும். நான்காவது, செலவை மத்திய அரசு, மாநில அரசு, பல்கலைக்கழகம் ஆகியவை பகிர்ந்து ஏற்றால் ஒரே ஆணையால் அமைப்பு கலைய இடமிராது.

ஒரு மாவட்டத்தில், ஒரு பேரிடருக்குப் பின், சில அணிகளைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. சோதனையின் வெற்றியை எத்தனை மாணவர் பங்கேற்றனர் என்பதைக் கொண்டு அளக்கலாகாது. பன்னிரண்டாம் மாத முடிவில், உதவிக்குத் தகுதியுடைய குடும்பங்களுள் எத்தனை இன்னும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன என்று கேட்கவேண்டும். அந்த எண் குறைந்திருந்தால் இளைஞர் தந்த ஓராண்டு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.