சிதையாச் சேகரம்: நூலகங்கள் அரிய தொகுப்புகளைப் பெறும் முறை

அரிய சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் நூலகங்கள் பெறுவதில் விலையே முதற்சிக்கலாகக் கருதப்படுகிறது. தொகுப்பின் முழுமையும் இருப்பிடமும் அதனினும் இன்றியமையாதவை என்பதை இரு தனியார் சேகரங்களின் வரலாறு உணர்த்துகிறது.

காலின் மெக்கன்சி தென்னிந்தியாவில் திரட்டிய சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும், 1821இல் அவர் மறைந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியால் விலைக்குப் பெறப்பட்டன. பின்னர் அவை இலண்டன், கல்கத்தா, சென்னை எனப் பிரிந்தன. சென்னைப் பகுதி அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கு அடிப்படையாயிற்று. எனினும் முழுச் சேகரத்தையும் ஆராய விழைவோர் பல நகரங்களை நாட வேண்டியதாயிற்று.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தொகுப்பு நூல்களோடு இதழ்கள், நாடக விளம்பரங்கள், அழைப்பிதழ்கள் முதலிய, பொதுநூலகங்கள் பொருட்படுத்தாத அச்சுப்பொருள்களையும் கொண்டது. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்குப் பெற்றது. ஆயினும் கடல்கடந்து கொண்டுசெல்லாது, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமையத் துணைநின்றது. நுண்படச் சுருள்கள் வழிப் படிகள் தொலைவிலுள்ளோர்க்கும் கிட்டின. மூலங்கள் தமிழகத்திலேயே நிலைத்தன.

இவ்விரண்டையும் ஒப்பிடுமிடத்து, தொகுப்பைப் பிரிக்காமை, தோன்றிய நிலத்திலேயே பேணுதல், படியெடுத்துப் பகிர்தல் ஆகிய மூன்றும் கொள்முதல் உடன்படிக்கையிலேயே இடம்பெற வேண்டியவை என்பது பெறப்படும். நிதி மட்டும் வழங்கப்படின் நூல்கள் மீளலாம், சேகரம் மீளாது.