நாய்க்கும் பூனைக்கும் மூச்சுத் திணறினால்

வீட்டு நாய், பூனையின் மூச்சை எண்ணிப் பழகுவதே முதல் வேலை. அதை அவை நலமாக இருக்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும். உறங்கும்போது விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் பெரும்பாலும் 30-க்குள் வரும். உறக்கத்திலும் 40-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திணறல் வந்துவிட்டால் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். ஈறு இயல்பாகவே கறுத்திருந்தால் நாக்கை. இளஞ்சிவப்பு மாறி நீலமோ சாம்பலோ வெளுப்போ தெரிந்தால் உயிராபத்து. கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டிகளை அகட்டி, படுக்க மறுத்து நிற்பதும் அதே அளவு ஆபத்தானது. நாய் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கவே கூடாது.

உடனே கழுத்துப்பட்டையைக் கழற்றி, நிழலில் விட்டு, கூட்டத்தை விலக்க வேண்டும். தண்ணீரோ பாலோ புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். அடக்கிப் பிடித்தால் பூனைக்குத் திணறல் கூடும். காற்றோட்டமான கூடையில் விடுவதே நல்லது.

அடுத்து, காரணத்தைப் பார்க்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் கத்திரி வெயிலோடு ஈரக்காற்றும் சேர்வதால், இரைத்தாலும் நாயின் உடல் குளிராது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் இதில் சீக்கிரம் விழும். உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, அதன்பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

தொண்டையில் எலும்போ பந்தோ சிக்கி, இருமல் வந்துகொண்டிருந்தால் இருமவிட வேண்டும். சத்தமே அடங்கிவிட்டால், வாயைத் திறந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுக்கலாம். குருட்டாம்போக்கில் விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். சிறிய நாயைப் பின்னந்தொடையைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தோள்களுக்கிடையே தட்டலாம். பெரியதை விலாவுக்குக் கீழே கைமுஷ்டியால் உள்ளும் மேலுமாக அழுத்தலாம்.

வலையிலிருந்து மணலில் எறியப்பட்ட பேத்தை மீனைத் தின்ற நாய்க்குக் கால் தள்ளாடி, பிறகு மூச்சுத் தசையே செயலிழக்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தாலும் அப்படித்தான். இமை சரிந்து, பின்னங்கால் இழுத்தால் கடிவாயைத் தேடி நேரம் கழிக்கக் கூடாது. கீறவும் கட்டவும் கூடாது. நடக்கவிடாமல் தூக்கிப் போக வேண்டும். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து தயாராகும் முறிமருந்துதான் நாய்க்கும் போடப்படுகிறது.

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது கொடிய தவறு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும்.

நினைவிழந்து மூச்சும் நின்றால், பக்கவாட்டில் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கும்படி அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து, மூக்கு வழியே இருமுறை ஊத வேண்டும். பூனைக்கு மார்பைச் சுற்றி ஒரு கையே போதும்.

மாமல்லபுரத்திலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வெகுதூரம். அருகிலுள்ள மருத்துவரிடம் ஆக்சிஜன் உண்டா, இரவில் பார்ப்பாரா என்பதை முன்பே கேட்டு, எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும். கிளம்பும்போதே பேசிவிட்டால் அங்கே ஆயத்தமாக இருப்பார்கள்.