வயலில் ஒரு பேட்டி: செல்போனில் எடுப்பதும் வெட்டித் தொகுப்பதும்

காரைக்கால் பக்கம் பாரம்பரிய நெல் போடுகிறவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப் பேருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. உப்பேறிய நிலத்தில் குழியடிச்சான் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, 2004 சுனாமியில் கடல்தண்ணீர் ஏறிய வயலை எப்படி மீட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. எழுதி வைத்தவர் குறைவு. நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரிலும், நெல் ஜெயராமன் அண்ணன் 2018 டிசம்பரிலும் நம்மை விட்டுப் போனார்கள். அவர்கள் பேச்சை இன்றைக்கும் கேட்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் மைக்கை நீட்டிப் பதிவுசெய்து பத்திரப்படுத்தியதால்தான். நம்ம ஊர் உழவர்களுக்கு அந்த வேலையை நாமதான் செய்யணும். தலத்தெருவில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் சில வருடங்களாக நான் செல்போனிலேயே பேட்டி எடுத்து வருகிறேன். புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

கேமரா வாங்கணுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. வேண்டாம். கையில் இருக்கிற செல்போன் போதும். லென்ஸைத் துணியால் துடையுங்கள். சட்டைப்பையில் கிடந்த போனில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். 1080 அளவு போதும், 4கே எல்லாம் இடத்தை அடைக்கும். 1080-இலேயே நிமிடத்துக்கு 100 எம்.பி.யை ஒட்டி ஆகும், அரைமணி பேசினால் மூன்று ஜி.பி. அதனால் கிளம்புவதற்கு முந்தின இரவே போனைக் காலிசெய்து சார்ஜ் போடுங்கள். பதிவு ஓடும்போது ஃபிளைட் மோடில் இருக்கட்டும். நல்ல இடத்தில் பேச்சு வரும்போதுதான் மாமனார் போன் பண்ணுவார்!

சத்தம்தான் முதல்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். நம்ம பக்கம் பெரிய தொந்தரவு கடல்காற்று. மதியத்துக்கு மேல் அது ஏறிவிட்டால் போன் மைக்கில் ‘பொர்ர்ர்’ என்ற இரைச்சல்தான் பதிவாகும். காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் எடுத்துவிடுவது நல்லது. வெயிலும் முகத்தில் இதமாக விழும். மார்கழியில் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், விடியற்காலையிலேயே கோயில் ஸ்பீக்கர் தொடங்கிவிடும்.

பேசுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு வந்து சேரும் ஒலி நாலில் ஒரு பங்காகிவிடும். ஆறடி தள்ளி நிற்கிற போனை நம்பி எடுத்தால் பேச்சைவிடத் தவளைச் சத்தம்தான் அதிகம் கேட்கும். சட்டையில் குத்துகிற ஒயர் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள், தலையில் பஞ்சு உறை இருக்கட்டும். பெண் உழவர் என்றால் மைக்கை அவர் கையில் கொடுத்து, முந்தானை உரசாத இடமாகப் பார்த்து அவரையே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மைக் வாங்க வசதியில்லையா? இன்னொரு செல்போனில் குரல் பதிவை ஓடவிட்டு அவருடைய சட்டைப்பையில் போடுங்கள். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன்னால் ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். எடிட்டிங்கில் உள்ளங்கை சேரும் படத்தையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் மொத்தப் பேட்டியும் பொருந்திவிடும். பக்கத்தில் பம்புசெட்டு ஓடினால் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரும் பேசாமல் இருந்து, அரை நிமிடம் வயல் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அது உதவும்.

கண்ணுக்கு நேர்

உழவரை மரநிழலில், வெளிச்சம் வருகிற பக்கம் முகம் இருக்குமாறு உட்கார வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் வானம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். திரையில் அவர் முகத்தின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் மாறாமல் நின்றுவிடும். நீங்கள் கேமராவை ஒட்டினாற்போல் உட்கார்ந்து கேளுங்கள், அவர் உங்களைப் பார்த்துப் பேசட்டும். போனைப் பார்த்துப் பேசச் சொன்னால் நம்ம ஆட்கள் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கேமராவின் உயரத்தைப் பற்றி நான் படித்ததிலேயே சிறந்த பாடம் தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்திலுள்ள பஸ்தாபூரிலிருந்து வந்தது. அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருக்கும், சிறுதானியம் பயிரிடும் தலித் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்தி போட்ட உழவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து படம்பிடித்தவர்கள் இவர்கள்தான். மேலிருந்து கீழே பார்க்கிற கோணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பட்டேல் ஷாட்’, அதாவது பண்ணையார் பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் நேராக இருப்பது ‘சங்கம் ஷாட்’, சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருவதால். திரைப்படக் கல்லூரியில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தருவார்களா தெரியவில்லை. பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்காரணும், அவ்வளவுதான்.

கேள்வி

“இயற்கை விவசாயம் நல்லா இருக்கா?” என்று கேட்டால் “ரொம்ப நல்லா இருக்கு” என்று பதில் வரும். அதை வைத்து யாரும் ஒரு நாற்றுகூட நட முடியாது. “மொத வருஷம் என்ன ஆச்சு?”, “எந்த மாசம் வெதச்சீங்க?”, “எவ்வளவு வெதை?”, “எது சரியா வரல?” என்று கேளுங்கள். நம்முடைய கேள்வியைக் கடைசியில் வெட்டிவிடப் போகிறோம். அதனால் “முப்பது கிலோ” என்று மட்டும் சொல்லாமல், “ஏக்கருக்கு முப்பது கிலோ வெதைப்பேன்” என்று முழுசாகச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பேசி நிறுத்தியதும் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். முக்கியமான செய்தி பல நேரம் அந்த ஐந்துக்குள்தான் வரும்.

அளவு விஷயத்தில் நம்ம வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஹெக்டேர், ஆர் கணக்கு இருக்கும். பேச்சில் மா, குழி, வேலி வரும். காவிரிப் படுகையில் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. கொங்கு நாட்டுக்காரர் இதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்? மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை? அங்கேயே கேட்டுவிடுங்கள், எடிட்டிங்கில் திரையின் கீழே ஏக்கர், கிலோ கணக்கை எழுத்தில் போடுங்கள். ‘ஏக்கருக்கு லட்சம்’ என்று சொன்னால் அது வரவா, செலவு போக மிஞ்சியதா, வீட்டு ஆட்களின் கூலி சேர்ந்ததா என்பதையும் கேட்டாகணும்.

பேச்சு முடிந்ததும் அவர் சொன்னதையெல்லாம் செய்துகாட்டச் சொல்லி எடுங்கள். கரைசலைக் கலக்கும் கை, வேர், மடை, மாட்டுக் கொட்டகை என்று ஒவ்வொன்றையும் ஆடாமல் பத்து விநாடி. இந்த இடைக்காட்சிகள் இல்லாமல் எடிட்டிங்குக்கு உட்கார முடியாது.

எதை வெட்டுவது, எதை வெட்டக்கூடாது

செல்போனில் கைன்மாஸ்டர், இன்ஷாட் போன்ற செயலிகள் போதும். கணினி இருந்தால் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் காசில்லாத கட்டற்ற மென்பொருள்கள். ஆனால் செயலியைத் திறப்பதற்கு முன் பேட்டி முழுவதையும் ஒருமுறை கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுங்கள். நாற்பது நிமிடப் பேச்சு எட்டு நிமிடமாவது அந்த நோட்டில்தான்.

கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “தக்கப்பூண்டு வெதச்சேன், பூ எடுக்கையில மடக்கி உழுதேன், உப்பு போயிருச்சு. ஆனா ஒண்ணு தம்பி, அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டித் தீத்துது. வரப்ப ஒசத்தி மழத்தண்ணியத் தேக்குனோம், வடிகால்ல வடியவுட்டோம், திரும்பவும் தேக்குனோம். மூணு தடவ.” இதில் ‘உப்பு போயிருச்சு’ என்பதோடு வெட்டினால் முப்பது விநாடியில் பளிச்சென்று ஒரு வீடியோ கிடைக்கும். பார்ப்பவர்களும் பகிர்வார்கள். வடிகால் இல்லாத வயல்காரர் ஒருவர் அதை நம்பி விதை வாங்கிப் போட்டால்? உப்பைக் கரைத்து வெளியே கொண்டுபோவது நல்ல தண்ணீரும் வடிகாலும். பசுந்தாள் உரம் மண்ணைப் பொலபொலப்பாக்கித் தண்ணீர் இறங்க வழிசெய்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அந்த வருஷத்துச் சாகுபடியே ஒருவருக்குப் போய்விடும், நாம் வெட்டிய இருபது விநாடியால்.

ஆகவே இருமலை வெட்டலாம், சொன்னதையே சொல்வதை வெட்டலாம், பேரனின் கல்யாணக் கதையை வெட்டலாம். ‘ஆனா’, ‘எங்க மண்ணுக்கு’, ‘அந்த வருஷம்’ என்று தொடங்குகிற வாக்கியத்தில் கத்தரி வைக்காதீர்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்கு ஒட்டவும் கூடாது. வெட்டிய இடத்தில் முகம் துள்ளும். அதை மறைக்க இடைக்காட்சியைப் போட்டு, குரலை அடியில் ஓடவிடுவோம். இது நல்ல உத்திதான். மேலே அழகான நெற்கதிர் ஆடிக்கொண்டிருக்கும்போது அடியில் என்ன காணாமல் போனது என்று பார்ப்பவருக்குத் தெரியாது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். சோக வயலின் வேண்டவே வேண்டாம்.

வெளியிடுவதற்கு முன் அந்த உழவரிடமே போட்டுக் காட்டுங்கள். கடன், பாகப்பிரிவினை மாதிரி ஏதாவது வாய்தவறி வந்திருக்கும். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடணும். அவருடைய போன் நம்பரைப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். இரவு பதினோரு மணிக்கு விதைநெல் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கப்போகிறவர் அவர்தான்.

யூடியூபில் போடுவதோடு நிறுத்தாமல் ஊரிலும் போட்டுக் காட்டுங்கள். 2006-இல் பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான டிஜிட்டல் கிரீன் முயற்சி, கிரீன் ஃபவுண்டேஷனுடன் சேர்ந்து கர்நாடகக் கிராமங்களில் இதைத்தான் செய்தது. அக்கம்பக்கத்து உழவர்களையே படம்பிடித்து, ஊர்க்காரர் ஒருவரை வைத்துப் போட்டுக் காட்டினார்கள். அவர் நடுநடுவே நிறுத்தி, “இது நம்ம நெலத்துக்கு ஆவுமா?” என்ற மாதிரி பேச வைப்பார். 16 கிராமங்களில் நடந்த அந்த ஆய்வில், வழக்கமான விரிவாக்க முறையைக் காட்டிலும் ஏழு மடங்கு அதிகமாகப் புதிய முறைகளைக் கடைப்பிடித்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பழைய டிவியும் திண்ணையும் இருந்தால் நாமும் செய்யலாம்.

எட்டு நிமிட வீடியோ தயாரானதும் நாற்பது நிமிட மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். தேதி, ஊர், பயிர், பேசியவர் பெயர் என்று கோப்புக்குப் பெயர் வைத்து ஹார்டு டிஸ்க் இரண்டில் ஏற்றி, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். கஜா மாதிரி புயல் வந்தால் கூரையோடு சேர்ந்து நனைவது ஒரு பிரதியாக மட்டும் இருக்கட்டும்.