கெம்பஸ் அனுமதி: வியாபாரிகளான பெற்றோர் அறிய வேண்டிய கணக்கு

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளிவந்தால் கண்டி கொழும்பு வீதியிலும் காசில் ஹில் வீதியிலும் கடைக்குக் கடை ஒரே பேச்சுத்தான். “மகனுக்கு எத்தனை ஏ?” என்று விசாரிப்போம். “இஸட் புள்ளி எவ்வளவு?” என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளைத் தெரிவு செய்வது இஸட் புள்ளியை வைத்துத்தான். விலை தெரியாமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. பிள்ளையின் படிப்பிலும் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் தகுதி. ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தி வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளிகளும் வேண்டும். இது விண்ணப்பிக்கும் உரிமை மாத்திரமே. இடம் கிடைப்பது வேறு விடயம்.

அடுத்தது இஸட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். உதாரணமாக, சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இஸட் புள்ளி 2. சராசரி 60, விலகல் 10 உள்ள பாடத்தில் 75 எடுத்தாலும் 1.5 தான். மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. மூன்று ஏ எடுத்த இருவரில் ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது மாவட்டம். கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. பக்கத்து நுவரெலியா அந்த 16 இல் ஒன்று, கண்டி இல்லை. ஆகவே நுவரெலியாவின் வெட்டுப்புள்ளியைக் கேள்விப்பட்டு, நமக்கும் அதுதான் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இனி விண்ணப்பம். பெறுபேறு வந்துவிட்டால் அனுமதிக் கடிதம் தானாக வீடு தேடி வராது. உரிய காலத்தில் இணையம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பாடநெறிகளைப் பிள்ளையின் விருப்ப ஒழுங்கிலேயே எழுதுங்கள். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறுவதால், சென்ற வருடப் புள்ளியைப் பார்த்துப் பயந்து விரும்பிய துறையைக் கீழே தள்ள வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னுமொன்று. ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், அடுத்த வருடம் திரும்பப் பரீட்சை எழுதி வேறு துறை கேட்க முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் மட்டுமே தோற்றலாம். எனவே கையொப்பம் இடுமுன் வீட்டில் கூடி ஆலோசிப்பது அவசியம்.

இடம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றவனாக நினைத்து மறுநாளே கல்லாவில் உட்கார வைத்துவிடாதீர்கள். கடையைப் பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில்தான். கணக்கியல் விருப்பமுள்ள பிள்ளைக்குப் பட்டயக் கணக்காளர் பரீட்சைகளும் உண்டு.

கடையில் பிள்ளை நாளைக்கும் உட்காரலாம், அடுத்த வருடமும் உட்காரலாம். விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி ஒன்றுதான். அதைக் கடன் கொப்பியின் முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.