கோழிக் கீறலும் அதற்குச் செய்யத்தக்க சிகிச்சையும்

நாட்டுக்கோழி வளர்ப்பதனால் குடியானவர் குடும்பத்திற்கு உண்டாகும் அனுகூலம் யாவரும் அறிந்ததே. முட்டை விற்ற காசு வீட்டின் சில்லறைச் செலவுக்கு ஆகிறது. சேவலை விற்றுச் சங்கத்துக் கடன் தவணையைச் செலுத்துவோரும் உண்டு. ஆயினும், கோழியைப் பிடிக்கையிலும், கூட்டில் அடைக்கையிலும், முட்டை எடுக்கையிலும் கை கால்களில் ஏற்படும் கீறலை அநேகர் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை தாமே ஆறிவிடுவது உண்மையே. ஆறாது போகும் ஒன்றோ, அறுவடைக் காலத்தில் உழைப்பாளியைப் பாயில் கிடத்தி, வருஷத்து வரும்படியையே கரைத்துவிடக் கூடும்.

அபாயம் எங்கே உள்ளது?

அபாயம் காயத்தின் அளவில் இல்லை. அதனுள் புகும் அழுக்கில் உள்ளது. கோழி பகல் முழுவதும் குப்பைமேட்டைக் கிளறுகிறது. அதன் நகத்திலும் அலகிலும் மண்ணும் எச்சமும் ஒட்டியிருக்கும். ரணஜன்னி என்னும் கொடிய வியாதியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் எச்சத்திலும் நெடுங்காலம் அழியாமல் கிடப்பவை. காற்றுப் புகாத இடத்திலேயே அவை முளைத்துப் பெருகும். ஆதலால், அகலமான கீறலைக் காட்டிலும், வாய் சிறுத்து ஆழம் மிகுந்த சேவல் முள்ளின் குத்தே அதிக அபாயமுடையது.

உடனே செய்ய வேண்டியவை

முதலாவது, சிகிச்சை செய்பவர் தம் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பாராமல், 10 நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, குடிப்பதற்குத் தகுந்த நல்ல தண்ணீரைத் தாரையாக விட்டு, சுமார் 5 நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். சுற்றிலுமுள்ள தோலைச் சோப்பினால் சுத்தி செய்தல் அவசியம். குழாய் இல்லாத வீட்டில் ஒருவர் செம்பால் ஊற்ற, மற்றொருவர் கழுவலாம். ஊருணி, வாய்க்கால் தண்ணீர் ஆகாது.

மூன்றாவது, போவிடோன் அயோடின் மருந்து இருப்பின் தடவி, சுத்தமான துணியால் கட்ட வேண்டும். கட்டைத் தினந்தோறும் மாற்றுவதோடு, நனைந்தால் அப்பொழுதே மாற்ற வேண்டும்.

செய்யத் தகாதவை

சாணம், சாம்பல், சுண்ணாம்பு, காப்பிப்பொடி, மூக்குப்பொடி முதலியவற்றைக் காயத்தில் அப்புவது வியாதியைக் கையாலேயே உள்ளே வைத்துக் கட்டுவதற்கு ஒப்பாகும். அஞ்சறைப்பெட்டியிலுள்ள மஞ்சள்தூளும் கிருமி நீக்கப்பட்டதன்று. இரத்தத்தை வாயால் உறிஞ்சித் துப்புவதும் கூடாது.

ஊசி யாருக்கு அவசியம்?

காயத்தைக் கழுவுவது ஊசிக்கு ஈடாகாது. ரணஜன்னித் தடுப்பு மருந்து 1924ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. பிரசவ காலத்துத் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி, இந்தியாவின் ஒவ்வொரு ஜில்லாவிலும் 1000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாயிற்றென 2015இல் உறுதி செய்யப்பட்டது; சுத்தமான பிரசவமும் தடுப்பூசியுமே இதற்குக் காரணம். ஆனால், பிள்ளைப் பிராயத்தில் ஊசி போட்டுக்கொள்ளாத முதியோர் இன்னும் அபாயத்திலேயே இருக்கின்றனர். ஆழமான அல்லது அழுக்கடைந்த காயமாயின், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் கடந்தவர்களும், சுத்தமான சிறு காயமாயின் 10 வருஷம் கடந்தவர்களும் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். முன்பு முறைப்படி போடாதவர்களும், போட்ட காலம் நினைவில்லாதவர்களும் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வது உசிதம். வியாதியின் குறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தோன்றும். தாடை இறுகி வாய் திறக்க இயலாமற்போகும் அந்நாளில், காயம் ஆறி மறந்தே போயிருக்கலாம்.

வைத்தியரிடம் செல்ல வேண்டிய சமயம்

சிவப்பும் வீக்கமும் பரவினாலும், சீழ் கண்டாலும், காயத்திலிருந்து சிவந்த கோடு மேலேறினாலும், காய்ச்சல் வந்தாலும் தாமதிக்கலாகாது. விரல் மூட்டில் முள் குத்தியவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் குறி தோன்றும்வரை காத்திராமல் முதலிலேயே செல்ல வேண்டும். குழந்தையின் கண்ணில் கோழி கொத்திவிட்டால் கண்ணைக் கசக்கவோ, அழுத்தவோ, தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடவோ கூடாது. கண்ணின்மேல் படாதவாறு ஒரு சுத்தமான கிண்ணத்தால் மறைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

கோழி கொத்தினால் நாய்க்கடி விஷம் ஏறுமோ என்று சிலர் அஞ்சுவர். அந்நோய் பாலூட்டும் பிராணிகளால் பரவுவதேயன்றிக் கோழியால் பரவுவதன்று.

வருமுன் காத்தல்

கோழியைத் துரத்திப் பிடிப்பதைவிட, இருட்டியபின் கூட்டில் அடங்கியிருக்கையில் இறக்கையோடு சேர்த்து மெல்ல எடுப்பது நல்லது. கூட்டைச் சுத்தம் செய்பவர் செருப்பணிய வேண்டும். அடைக்கோழியின் அருகில் குழந்தைகளை விடலாகாது. சேவல் முள்ளின் கூர்நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடலாம். காயமில்லாவிடினும் கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல், எச்சத்தால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும்.

ஒவ்வொரு சங்கத்தின் கட்டிடத்திலும் சோப்பு, சுத்தமான கட்டுத்துணி, போவிடோன் அயோடின் அடங்கிய பெட்டி ஒன்று இருப்பது நலம். அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவதுடன், தத்தம் வீட்டார் கடைசியாக ஊசி போட்டுக்கொண்ட வருஷத்தையும் குறித்து வைப்பார்களாக. கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பவர்கள், உயிருக்கும் அவ்வாறே நிற்பது கூட்டுறவின் கடமையாகும்.