18 விநாடியா, 30 விநாடியா?



ரயில்வேயில் தண்டவாளத்தை அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்போம். விரிசல் எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். பிள்ளைகளின் பரீட்சையும் அப்படித்தான்.

2021 நவம்பர் 12 அன்று நாடெங்கும் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. எட்டாம் வகுப்பினருக்கு மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நான்கிலும் கேள்விகள். 500-க்குக் கணிதச் சராசரி, மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தில் 284, எட்டில் 255. ஆனால் அந்த ஆய்வு தனித்தனி மாணவருக்கு மதிப்பெண் தருவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை எங்கே தவறுகிறான் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹப்சிகுடாவில் என்னிடம் கணக்குக் கேட்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கொடுப்பேன்:

240 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, 360 மீட்டர் பாலத்தை முழுவதும் கடக்க எத்தனை விநாடி ஆகும்?

வேகம் விநாடிக்கு 20 மீட்டர். கடக்கும் தூரம் 240 + 360 = 600 மீட்டர். விடை 30 விநாடி.

'18' என்று எழுதினால், ரயிலின் நீளத்தை மறந்துவிட்டான். '8.33' என்றால், கிலோமீட்டரை மாற்றவில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் விழித்து, தமிழில் சொன்னதும் போட்டுவிட்டால், குறை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. என் பேரனுக்கு இதுதான் குறை என்று தெரியாமல் ஒரு வருடம் கணக்கு ட்யூஷனுக்கு அனுப்பினோம். பிள்ளை தன்னை மக்கு என்றே நம்பிவிட்டான்.

அடுத்த விடைத்தாள் வந்ததும், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்குமுன் ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்.