வாழைநாரும் உருகும் நாரும்: வீட்டிலேயே தாளும் நெய்யாத துணியும் செய்ய முழுமையான வழிகாட்டி

கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி மாதிரி தெரியும், ஆனால் ஊடும் பாவும் இருக்காது. சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் வரிசையாகப் பதிந்திருக்கும். பாலிபுரோப்பிலீன் இழைகளை மழைபோலப் பரப்பி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, அந்தப் புள்ளிகளில் மட்டும் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். தறி தொடாத துணி அது.

சுங்குடிச் சேலையும் ஹார்வி மில்லும் பெயர் வாங்கித் தந்த மதுரையில், தறி இல்லாமல் துணி செய்வதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சோழவந்தான், மேலக்கால், வாடிப்பட்டிப் பக்கம் தார் வெட்டியதும் வாழைமரம் சாய்க்கப்பட்டு வயலிலேயே கிடக்கும். அந்தத் தண்டில் இருப்பது நல்ல நீளமான, வலுவான நார். நூற்பாலைகள் கழிக்கும் குட்டைப் பஞ்சும் இந்த வட்டாரத்தில் உண்டு. இந்த இரண்டையும், சூட்டில் உருகி ஒட்டும் செயற்கை நாரைக் கொஞ்சமாகச் சேர்த்து, தாளாகவும் துணியாகவும் ஆக்குவதற்கு ஓர் இஸ்திரிப் பெட்டி போதும்.

ஒட்டும் நார்: பொரி உருண்டைக் கணக்கு

சாதாரணக் காகிதத்தில் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளப் பசை தேவையில்லை. தாவர நாரில் இருப்பது செல்லுலோஸ். ஊறி, அடிபட்டு, சிலும்பிய நார்கள் படிந்து காயும்போது நடுவில் இருந்த நீர் விலக விலக நெருங்கி வந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் தாமாகவே பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடியை அவிழ்ப்பதும் நீர்தான். மழையில் நனைந்த செய்தித்தாள் கையோடு பிய்ந்து வருவது அதனால்தான்.

ஒட்டும் நார் வேறு வழியில் பிடிக்கிறது. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். பொரி முழுவதும் பாகில் மூழ்க வேண்டியதில்லை. பொரியும் பொரியும் தொடும் இடத்தில் பாகு நின்று இறுகினால் போதும். பாகு மிஞ்சினால் உருண்டை கல்லாகிவிடும்.

இதில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ஈரடுக்கு நார். ஒரு வகையில் மேலுறை பாலிஎத்திலீன், சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளிருக்கும் பாலியஸ்டர் தண்டு 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், உறை பாகாகி ஒட்டும்போது தண்டு அசையாமல் நிற்கும். சுமார் 110 டிகிரியிலேயே இளகும் பாலியஸ்டர் உறை கொண்டதும் உண்டு. வியாபாரத்தில் இவற்றை ‘லோ மெல்ட்’ என்பார்கள்.

மற்றது பாலிவினைல் ஆல்கஹால் நார். 1939இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ரி சுங் கி உள்ளிட்டோர் உருவாக்கிய வினைலான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தாளைச் சூட்டில் காயவைக்கும்போது கரைந்து, பசையாகிக் காயும்.

சூட்டில் ஓரம் ஒட்டும் டீ பேக் தாளிலும் நார் உருகி ஒட்டும் உத்திதான் இருக்கிறது. அதில் உருகும் நாரோடு பெரும்பாலும் சேர்வது அபாகா. பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா, வாழையின் கூடப்பிறந்த இனம். அங்கே அபாகா செய்யும் வேலையில் ஒரு பங்கையாவது நம் வயலில் கிடக்கும் தண்டு செய்யும் என்று நம்பித்தான் நான் இதில் இறங்கினேன்.

தொடங்குமுன்: உங்களுக்கு இது வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். ஈரடுக்கு நார் பிளாஸ்டிக்தான். அதைச் சேர்த்த தாள் முழுதாக மட்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில், தாம்பூலப் பையாகத் தரும் அந்த நெய்யாத பையும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் அடக்கம். ஆகவே இந்த முறையில் கடைப்பை, சாப்பாட்டுத் தட்டு செய்யும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சட்டம் மட்டும் காரணமில்லை. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இங்கே, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் மறைந்தார். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். அந்தச் சங்கம் மீட்டெடுக்க முயன்ற தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூர் சங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இயற்கையிடம் எடுத்தது இயற்கைக்கே திரும்ப வேண்டும் என்று சொன்னவரின் மண்ணில் இருந்துகொண்டு, தேவையில்லாத இடத்தில் பிளாஸ்டிக் நாரைக் கலக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடிதத்தாள், அழைப்பிதழ் போன்றவற்றுக்கு வெறும் வாழைநார் போதும். நனையும், மடியும், பல வருடம் உழைக்க வேண்டிய பொருளுக்கு மட்டும் ஒட்டும் நாரைச் சேர்க்கிறேன். கணக்குநோட்டு அட்டை, விதைப் பெட்டியின் உள்விரிப்பு, செருப்பின் உள்தாள் போன்றவை அப்படிப்பட்டவை.

பாலிவினைல் ஆல்கஹால் நார் கரைகிறதே, அது பரவாயில்லையா என்று கேட்பார்கள். நீரில் கரைவது வேறு, மட்கிப்போவது வேறு.

சேகரிக்க வேண்டியவை

வாழைநார் 100 கிராம். இயந்திரத்தில் உரித்த நார் சுத்தமாக இருக்கும். பூக்கட்டும் நாரும் உதவும், ஆனால் அது காய்ந்த மட்டையின் கீற்று என்பதால் சதை அதிகம், கூடுதலாக வேக வேண்டும்.

லோ மெல்ட் நார் 100 கிராம். மெத்தை, குஷனுக்கு வாடிங் செய்பவர்களிடம் கேளுங்கள். தலையணைக்கு விற்கும் சாதாரண ஃபைபர் பஞ்சு ஒட்டாது. கான்கிரீட்டில் கலக்க ஹார்டுவேர் கடையில் விற்கும் குட்டை நாரும் இதற்கு ஆகாது. வாங்குமுன் ஒரு கொத்தைப் பேக்கிங் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். தகடாக ஒட்டினால் சரியான சரக்கு.

இவை தவிர சலவை சோடா, எவர்சில்வர் பாத்திரம், ஏ4 அளவு மரச்சட்டத்தில் இழுத்து அடித்த நைலான் வலை, அதன்மேல் உட்கார 12 செ.மீ. உயரமுள்ள அடியில்லாப் பெட்டி, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு, மத்து, பழைய வேட்டித் துணி.

முதல் படி: வாழைநாரைக் கூழாக்குதல்

நாரை 1 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாக விட்டால் மத்திலும் மிக்ஸியிலும் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். இரவு முழுக்க ஊறட்டும்.

100 கிராம் நாருக்கு 20 கிராம் சலவை சோடா, 3 லிட்டர் தண்ணீர். மூன்று மணி நேரம் மெதுவாகக் கொதிக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரித்துவிடும். ஒரு நாரை எடுத்துக் குறுக்கே இழுங்கள். எதிர்ப்பில்லாமல் பிரிந்தால் வெந்துவிட்டது. முறுக்கிக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு மணி நேரம்.

வடிக்கும் பழுப்பு நீரைக் கண்மாயிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். வினிகர் விட்டுக் காரத்தைத் தணித்து, நிறையத் தண்ணீர் சேர்த்த பிறகே சாக்கடையில் விடுங்கள். கூழை வழுவழுப்பு போகும்வரை அலச வேண்டும். நகரின் பல தெருக்களில் போர்த் தண்ணீர் உப்பாக வரும். கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீரோ மழைநீரோ எடுங்கள்.

இனி அடிப்பது. பொறுமையின்மையால் பெரும்பாலோர் கெடுப்பது இந்த இடத்தில்தான். நானும் முதலில் மிக்ஸியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். மாவுபோல ஆனது, தாளோ கிழிந்துகொண்டே வந்தது. மிக்ஸியின் பிளேடு நாரை வெட்டும். நமக்கு வேண்டியது நாரை நசுக்கிச் சிலும்ப வைப்பது. பலகைமேல் ஈரக்கூழை வைத்து, மரச்சுத்தியால் மடித்து மடித்து முக்கால் மணி நேரம் அடியுங்கள். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளர் நீரில் கலக்கினால் மேகம்போலப் பரவ வேண்டும், கட்டி கட்டியாக நிற்கக் கூடாது. கடைசியில் மிக்ஸியில் பத்து விநாடி சுற்றினால் போதும்.

இரண்டாம் படி: எடை போட்டுக் கலத்தல்

80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். முதல் முயற்சிக்கு 4 கிராம் வாழைக்கூழ், 1 கிராம் ஒட்டும் நார். கூழ் ஈரமாக இருப்பதால் எடை ஏமாற்றும். நன்றாகப் பிழிந்த கூழில் 20 கிராம் எடுத்து வெயிலில் முறுகக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 4 கிராம் நின்றால், ஒரு தாளுக்குப் பிழிந்த கூழ் 20 கிராம் என்று அர்த்தம்.

வாடிங்குக்கு வரும் லோ மெல்ட் நார் 5 செ.மீ. அளவுக்கு நீளமாக இருக்கும். நீரில் கலக்க அது ஆகாது. கொத்தாகப் பிடித்துக் கத்தரியால் 5 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் கட்டாயம் வேண்டும். செயற்கை நார் நீரோடு ஒட்டாது. ஒரு லிட்டர் நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு துளி விட்டு, வெட்டிய நாரைப் போட்டு, மத்தால் மெதுவாகக் கடையுங்கள். வேகம் கூடினால் நுரை வரும். நார் நுரையில் ஏறி மிதக்கும், பிறகு திரி திரியாக முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு வெண்டைக்காய் நல்ல மருந்து. நாலு காயைக் கீறி ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டினால் வழுவழுப்பான நீர் கிடைக்கும். ஜப்பானியக் கைக்காகிதக்காரர்கள் தொரோரோ அவோய் என்ற செடியின் வேர்ப்பசையைக் கலப்பார்கள். அந்தச் செடியும் வெண்டையும் ஒரே பேரினம். வழுவழுப்பு நார்களை எட்டி எட்டி நிற்க வைக்கும், நீர் வடியும் வேகத்தையும் குறைக்கும். ஒரு தாளுக்கு ஒரு கப் போதும்.

மூன்றாம் படி: தாள் ஊற்றுதல்

அகன்ற தொட்டியில் வலைச்சட்டத்தையும் அதன்மேல் பெட்டியையும் வைத்து, பெட்டிக்குள் 8 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கும்படி செய்யுங்கள். அது ஏறக்குறைய 5 லிட்டர். கூழும் ஒட்டும் நாரும் சேர்ந்த கலவையை உள்ளே ஊற்றி, விரல்களால் நாலு பக்கமும் அளைந்துவிட்டு, நீர் அமைதியானதும் சட்டத்தை மட்டமாகத் தூக்குங்கள்.

வடிந்ததும் ஈர வேட்டிமேல் கவிழ்த்து, மேலே இன்னொரு துணி, பலகை, அம்மிக்கல் வைத்து ஒரு மணி நேரம் அழுத்துங்கள். பிறகு பலகையில் ஒட்டி நிழலில் காயவையுங்கள். சித்திரை வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து அப்பளமாகச் சுருளும்.

நான்காம் படி: இஸ்திரி

தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை உள்ளே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, உறையும் உருகாது. தாளின் மேலும் கீழும் பேக்கிங் பேப்பர். மெழுகு பூசியது வேண்டாம். மின்சாரப் பெட்டியை இரண்டு புள்ளியில், அதாவது சுமார் 150 டிகிரியில் வைத்து, தேய்க்காமல் இடம் இடமாக முப்பது விநாடி அழுத்துங்கள். நீராவியை மூடிவிடுங்கள். கரிப்பெட்டியில் சூடு பிடிபடாது, தவிர்த்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எடுத்ததும் தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். கனமான புத்தகத்தின் கீழ் வைத்து ஆறிய பிறகே தூக்குங்கள். பாகு இறுகாத உருண்டையைக் கையில் எடுத்தால் உதிரும் அல்லவா, அதே கதை. தாள் பளபளத்தால் சூடு அதிகம். நகத்தால் சுரண்டி இழை எழுந்தால் போதவில்லை.

நெய்யாத துணி

இதற்குத் தண்ணீரே வேண்டாம். கழிவுப் பஞ்சு 14 கிராம், வெட்டாத லோ மெல்ட் 6 கிராம். இரண்டையும் பிய்த்துக் கலந்து, கம்பிப்பல் உள்ள இரண்டு பிரஷ்களுக்கு நடுவே எதிரெதிராக இழுத்துச் சிக்கெடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. 30 செ.மீ. சதுரத்தில் ஓர் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்கில் என்று நாலு அடுக்கு. ஒரே திசையில் அடுக்கினால் துணி ஒரு பக்கம் இழுக்கத் தாங்கும், மறுபக்கம் பிளந்துவிடும். பேக்கிங் பேப்பருக்குள் வைத்து இரு பக்கமும் நாற்பது விநாடி இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். இதைவிடத் தடிப்பு வேண்டுமானால் மெல்லிய துண்டுகளைத் தனித்தனியாகச் செய்து சேர்த்து ஒட்டுங்கள். பஞ்சு சூட்டை உள்ளே விடாது, நடுப்பகுதி ஒட்டாமலே நிற்கும். இந்தத் துணியில் சூடான பாத்திரம் வைக்காதீர்கள்.

சோதனை

ஒட்டும் நார் இல்லாத தாள் ஒன்று, 10 சதவீதம் சேர்த்தது ஒன்று, 20 சதவீதம் சேர்த்தது ஒன்று. மூன்றையும் ஒரே அகலக் கீற்றுகளாக வெட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் ஒவ்வொன்றிலும் ஒரு கிளிப்பை மாட்டி, காகிதக் கப்பில் மணலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். 10 சதவீதமே உங்கள் வேலைக்குப் போதும் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். வெட்டிக் கழித்த துண்டுகளைக் குப்பைக் குழியில் போடாமல் தனியே சேர்த்து வையுங்கள், அடுத்த துணியின் நடு அடுக்கில் போட்டுவிடலாம். இஸ்திரி போடுமுன்பே ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் விகிதத்தை எழுதிவிடுங்கள். காய்ந்தபின் எல்லாம் ஒரே நிறம், எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.